வானம் தெளிவா இருக்கும்... ஆனா வெள்ளம் வரும்! அமெரிக்காவின் பாலைவனப் பள்ளத்தாக்குக்குள் போகத் திட்டமிடுவது எப்படி?

2023 மார்ச் மாதம். அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநில எல்லையில் இருக்கும் பக்ஸ்கின் கல்ச் பள்ளத்தாக்குக்குள் மூன்று பேர் ட்ரெக்கிங் போனார்கள். சில நாட்கள் உள்ளேயே தங்கி நடக்கும் பயணம் அது. நடுவழியில் வெள்ளம் வந்தது. ஒருவரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. மற்ற இருவரின் உடல்கள்தான் கிடைத்தன.

"பாலைவனத்துல வெள்ளமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதியில் ட்ரெக்கிங் போகிறவர்கள் வெயிலுக்குப் பயப்படும் அளவுக்குத் தண்ணீருக்கும் பயப்படுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஆபத்து, தேவையில்லாத நேரத்தில் தண்ணீர் வந்தாலும் ஆபத்து!

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? போக வேண்டும் என்றால் எதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்? பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது இந்த இடம்?

முழுப்பெயர், பரியா கேன்யன் - வெர்மிலியன் கிளிஃப்ஸ் வனாந்தரப் பகுதி. பரப்பளவு சுமார் 1,12,500 ஏக்கர். 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைப் பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவித்தது. நிர்வகிப்பது அந்நாட்டு அரசின் நில மேலாண்மைப் பணியகம்.

'பரியா' என்பது 'சேற்று நீர்' என்று பொருள் தரும் பயூட் பழங்குடியினரின் சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கே ஓடும் பரியா ஆற்றின் நிறத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

'வனாந்தரம்' என்பது அங்கே வெறும் அலங்காரச் சொல் கிடையாது. 1964-ல் வந்த வனாந்தரச் சட்டப்படி, இந்த எல்லைக்குள் சாலை போட முடியாது. வண்டி போக முடியாது. சைக்கிளுக்குக்கூட அனுமதி இல்லை. உள்ளே கடை, ஹோட்டல், குடிநீர்க் குழாய் எதுவும் இருக்காது. செல்போன் சிக்னலும் கிடைக்காது.

இங்கே இருக்கும் பாறைகள், சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் மேடுகளாக இருந்தவை. அது இறுகி மணற்பாறை ஆனது. அந்தப் பாறையைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உருவாக்கியதுதான் 'ஸ்லாட் கேன்யன்' எனப்படும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. பக்ஸ்கின் கல்ச் மட்டுமே சுமார் 24 கி.மீ. நீளம். உலகின் மிக நீளமான ஸ்லாட் கேன்யன்களில் இதுவும் ஒன்று. சில இடங்களில் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். ஆனால் அண்ணாந்து பார்த்தால், சுவர் நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். வானம் ஒரு கோடு மாதிரிதான் தெரியும்.

அப்படி அண்ணாந்து பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். தலைக்கு மேலே பல அடி உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் நடுவே பெரிய மரக்கட்டைகள் சிக்கிக்கொண்டு நிற்கும். யாரும் அதைக் கொண்டுபோய் வைக்கவில்லை. முன்பு ஒருநாள் வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போனதற்கான அடையாளம் அது.

மழையே பெய்யாமல் வெள்ளம் எப்படி வரும்?

மழை பெய்கிறது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் இல்லை. இதுதான் விஷயமே!

பரியா ஆறு தொடங்குவது வடக்கே பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவை ஒட்டிய உயரமான நிலப்பகுதியில். அங்கே ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால், அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. ஏனென்றால் அங்கே பெரும்பாலும் வெறும் பாறையும் களிமண்ணும்தான். தண்ணீரைப் பிடித்து வைக்க மரமோ, புல்லோ பெரிதாக இல்லை. பெய்தது மொத்தமும் சரிந்து ஓடைகளில் சேர்கிறது. ஓடைகள் எல்லாம் பள்ளத்தாக்கில் வந்து சேர்கின்றன. அகலமான இடத்தில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், ஒடுங்கிய சந்துக்குள் நுழையும்போது வீட்டு உயரத்துக்கு எழுகிறது. கூடவே சேறு, கல், மரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

1997 ஆகஸ்ட் 12-ம் தேதி நடந்தது இதற்கு மிகக் கொடூரமான உதாரணம். இதே வட்டாரத்தில் பேஜ் நகரத்துக்குப் பக்கத்தில், நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் அது. மழை கொட்டியது பல கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் பள்ளத்தாக்குக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள்.

உள்ளே போக பெர்மிட் வேண்டுமா?

வேண்டும். ஆனால் எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

பகலில் மட்டும் போய்வருவது: பரியா, பக்ஸ்கின் கல்ச் பள்ளத்தாக்குகளுக்குள் காலையில் போய் மாலையில் திரும்புவதாக இருந்தால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. தலைக்குச் சில டாலர் கட்டணம் செலுத்தினால் போதும். வயர் பாஸ் என்ற நுழைவிடத்தில் இருந்து பக்ஸ்கின் கல்ச் தொடும் இடம் வரை சுமார் 2.7 கி.மீ. முதல் முறை போகிறவர்களுக்கு இந்தப் பாதையே நல்ல அறிமுகம். இதிலும் ஓர் இடத்தில் ஆள் உயரத்துக்குப் பாறையில் இருந்து கீழே இறங்க வேண்டியிருக்கும். வெள்ளம் வந்து போகும்போதெல்லாம் அந்த இடத்தின் அமைப்பு மாறிவிடும் என்பதால், பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு நம்பிப் போகக் கூடாது.

இரவு தங்கிப் போவது: ஒரு நாளைக்கு மொத்தமே 20 பேருக்குத்தான் அனுமதி. ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. வைட் ஹவுஸ் என்ற இடத்தில் தொடங்கி, கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் லீஸ் ஃபெர்ரி வரையிலான முழுப் பாதை சுமார் 61 கி.மீ. (இது அதிபர் மாளிகை இல்லை, ஒரு நுழைவிடத்தின் பெயர்!) நடந்து முடிக்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். வசந்த காலத் தேதிகள் வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே ஆன்லைனில் முயற்சி செய்ய வேண்டும்.

'தி வேவ்': இன்ஸ்டாகிராமில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அலை அலையாகச் சுழன்று நிற்கும் சிவப்புப் பாறை. அது இதே வனாந்தரத்தில், கொயோட்டி பியூட்ஸ் வடக்குப் பகுதியில்தான் இருக்கிறது. இங்கே போக குலுக்கல் முறை. முன்பு ஒரு நாளைக்கு 20 பேர் என்று இருந்ததை 2021-ல் 64 பேராக உயர்த்தினார்கள். இதில் 48 இடங்கள் நான்கு மாதங்களுக்கு முன் நடக்கும் ஆன்லைன் குலுக்கலுக்கு. மீதி 16 இடங்கள், பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு செல்போன் வழியாக நடக்கும் குலுக்கலுக்கு. இந்த இரண்டாவது குலுக்கலுக்கு அந்த வட்டாரத்துக்குள் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு முயற்சி செய்தால் செல்போன் ஏற்காது. விண்ணப்பத்துக்கு 9 டாலர் கட்டணம், குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் திரும்பக் கிடைக்காது. பெயர் வந்தால் தலைக்கு 7 டாலர் கட்ட வேண்டும்.

பெர்மிட் கிடைச்சாச்சு... அப்போ பாதுகாப்புதானே?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதுதான் பெர்மிட்டின் வேலை. அன்றைக்கு உள்ளே போகலாமா, வேண்டாமா என்பதை அது சொல்லாது.

2015 செப்டம்பர் 14-ம் தேதி, யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யனுக்குள் இறங்கிய 7 பேர் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். அவர்களிடம் முறையான பெர்மிட் இருந்தது.

மாதக்கணக்கில் காத்திருந்து, குலுக்கலில் ஜெயித்து, விமானம் ஏறி, லீவு போட்டு வந்த பிறகு "இன்னைக்கு வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அதனால்தான், எந்தச் சூழ்நிலை வந்தால் பயணத்தைக் கைவிடுவது என்பதைப் பெட்டி கட்டும்போதே குழுவில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். கூடவே ஒரு மாற்றுத் திட்டமும் இருந்தால், திரும்புவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

வானிலையை எப்படிப் பார்ப்பது?

செல்போனில் பக்கத்து ஊரைப் போட்டுப் பார்த்து, சூரியன் படம் வந்தால் கிளம்பிவிடக் கூடாது. அமெரிக்க தேசிய வானிலை மையம் இந்தப் பகுதிகளுக்கென்றே 'திடீர் வெள்ள வாய்ப்பு' என்று தனி அறிவிப்பு வெளியிடுகிறது. அதில் நான்கு நிலைகள் உண்டு. எதிர்பார்க்கப்படவில்லை, சாத்தியம் உண்டு, வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது என்று ஏறுவரிசையில் இருக்கும். முதல் நிலையைத் தாண்டி எது இருந்தாலும், ஸ்லாட் கேன்யனுக்கு அன்றைக்கு டாட்டா சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். முதல் நிலையே இருந்தாலும், 'வெள்ளம் வராது' என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

பள்ளத்தாக்கு இருக்கும் இடத்துக்கு மட்டும் பார்த்தாலும் போதாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மேட்டுப் பகுதிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவு தங்கும் பயணம் என்றால் எல்லா நாட்களுக்கும் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மழை என்று இருந்தால், முதல் நாள் வெயிலைப் பார்த்து உள்ளே இறங்கியவருக்கு அது தெரிய வழியே இல்லை.

எந்த மாதம் போகலாம்? ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் பலர் தேர்வு செய்யும் காலம். ஆனால் 2023-ல் அந்த வெள்ளம் வந்தது மார்ச் மாதத்தில் என்பதை மறந்துவிட வேண்டாம். குளிர்காலத்தில் விழுந்த பனி உருகுவதும் மழையும் சேர்ந்தால், இடிமழைக் காலம் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் வெள்ளத்துக்கு இல்லை.

வெயில் ஒரு பக்கம்... குளிர் ஒரு பக்கம்!

2013 ஜூலை மாதத்தில் மட்டும் தி வேவ் பகுதிக்குப் போன மூன்று பேர் வெப்பத்தால் உயிரிழந்தார்கள். முதியவர்கள் மட்டும்தானா என்றால், இல்லை. மூன்றாவதாக இறந்தவர் இருபதுகளில் இருந்த இளம்பெண். போக வர மொத்தமே சுமார் 10 கி.மீ. தூரம்தான். ஆனால் அங்கே போட்டு வைத்த பாதை எதுவும் இல்லை. நிழலும் கிடையாது. திரும்பும்போது எல்லாப் பாறையும் ஒரே மாதிரி தெரியும். வழி தவறினால், நடக்கும் நேரம் இரண்டு மடங்காகும். கையில் இருக்கும் தண்ணீர் மட்டும் அதே அளவுதான்.

பக்ஸ்கின் கல்ச் உள்ளே இதற்கு நேர் எதிர். வெயிலே படாத குளங்களில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இடுப்பளவு, சில சமயம் மார்பளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தும் நாளில்கூட உள்ளே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மாற்று உடையைத் தண்ணீர் புகாத பையில் வைத்து எடுத்துப் போகச் சொல்வது அதனால்தான். பரியா ஆற்றோரம் சில இடங்களில் புதைமணலும் உண்டு. பெரும்பாலும் முழங்கால் அளவுக்குத்தான் இழுக்கும். பதறாமல் மெதுவாகக் காலை எடுத்தால் வெளியே வந்துவிடலாம்.

குடிநீருக்கு என்ன செய்வது?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். இது அடிப்படைக் கணக்கு. 4 லிட்டர் என்றால் 4 கிலோ எடை! மூன்று நாளைக்கு மொத்தமும் சுமப்பது என்றால் 12 கிலோ, தண்ணீர் மட்டும்.

பரியா ஆற்றில்தான் தண்ணீர் ஓடுகிறதே என்று கேட்கலாம். அதில் இருக்கும் வண்டல், ஃபில்டரைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். அதனால் மடக்கு வாளி ஒன்றில் தண்ணீரைப் பிடித்து, இரவு முழுக்கத் தெளிய வைத்து, மேலே இருக்கும் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டுவார்கள். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் பாறைச் சுவரில் இருந்து ஊற்று வரும் இடங்கள் இருக்கின்றன. எந்தெந்த ஊற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் பணியக அலுவலர்களிடம் கேட்டுக்கொள்வது அவசியம். ஊற்று நீரையும் சுத்திகரித்த பிறகே குடிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயம். பள்ளத்தாக்குக்குள் நெருப்பு மூட்டத் தடை. குப்பை மட்டுமில்லை, மலத்தையும் அதற்கான பையில் போட்டு வெளியே எடுத்து வந்துவிட வேண்டும். முகம் சுளிக்க வேண்டாம். வெயிலும் காற்றும் படாத அந்தச் சந்தில் எதுவும் சீக்கிரம் மட்காது. அடுத்து வருபவர் குடிப்பதும் அதே தண்ணீரைத்தான்.

கார், சாலை, கடிகாரம்...

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் இருந்து பக்கத்து ஊரான கனாப் போய்ச் சேரவே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து நெடுஞ்சாலையில் போய், ஹவுஸ் ராக் வேலி என்ற மண் சாலையில் திரும்பினால்தான் வயர் பாஸ் வரும். காய்ந்திருக்கும்போது ஓரளவு பரவாயில்லை. மழை பெய்தால் களிமண் வழுக்கி, பெரிய வண்டிகூட நகராது. வாடகை கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. மண் சாலையில் ஓட்டப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

ஒரு நுழைவிடத்தில் இறங்கி வேறு இடத்தில் வெளியே வரும் பயணம் என்றால், முடியும் இடத்தில் ஒரு கார் வேண்டும். அல்லது கொண்டுபோய் விடும் வண்டியை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடைகாலத்தில் யூட்டா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். அரிசோனா தள்ளாது. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை, எல்லையின் இந்தப் பக்கம் 8 மணி என்றால் அந்தப் பக்கம் 7 மணி. செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். வண்டி வரச் சொன்ன நேரம் எந்த மாநிலத்தின் நேரம் என்று தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டீர்களா?

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து, ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட '127 ஹவர்ஸ்' படம் ஞாபகம் இருக்கிறதா? அது உண்மைக் கதை. 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனுக்குத் தனியாகப் போன ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை, உருண்ட பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டுதான் அவர் வெளியே வந்தார்.

பாறை விழுந்தது விபத்து. ஆனால் ஐந்து நாட்கள் யாரும் வராமல் போனதற்குக் காரணம், எங்கே போகிறோம் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு தாள் போதும். யார் யார் போகிறார்கள், கார் எண் என்ன, எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறார்கள், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். இதை எழுதி, பயணத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே தேடுதல் பணியைச் செய்வது அந்தந்த மாவட்டத்தின் ஷெரிஃப் அலுவலகம். அவர்களுக்குத் தகவல் போனால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும்.

சாட்டிலைட் கருவி இருந்தால் போதாதா? உதவும், ஆனால் முழுசா நம்ப முடியாது. வானம் கோடாகத் தெரியும் இடத்தில் சாட்டிலைட்டுக்குச் சிக்னல் போவதே கஷ்டம்.

உள்ளே இருக்கும்போது வெள்ளம் வந்துவிட்டால்?

தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறுவது, குச்சியும் சருகும் மிதந்து வருவது, தூரத்தில் ரயில் வருவது போன்ற இரைச்சல். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மூட்டையைப் பற்றி யோசிக்காமல் எட்டும் உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். வெள்ளத்தை ஓடி ஜெயிக்க முடியாது. ஏறிய பிறகு தண்ணீர் நன்றாக வடியும் வரை கீழே இறங்கவே கூடாது. இரவு தங்குபவர்கள், கூடாரம் போடும் இடத்தை ஆற்று மட்டத்துக்கு மேலே உயரமான மேடாகப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

ஆனால் பக்ஸ்கின் கல்ச் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் ஏறுவதற்கு மேடே கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். நடுவில் வெளியேற 'மிடில் ரூட்' என்று ஒரு வழி இருக்கிறது. அதுவும் பாறையில் கை வைத்து ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான். அதனால் அங்கே உயிரைக் காப்பாற்றும் முடிவை உள்ளே எடுக்க நேரம் இருக்காது. நுழைவிடத்தில் காரை நிறுத்திவிட்டு நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதை எடுக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* போகும் பகுதிக்கு உரிய பெர்மிட், அச்செடுத்த வரைபடம்.
* எல்லா நாட்களுக்கும், மேட்டுப் பகுதிக்கும் சேர்த்து வானிலை அறிவிப்பு.
* பணியக அலுவலர்களிடம் கேட்ட அன்றைய நிலவரம்: சாலை, குளங்களின் ஆழம், ஊற்றுகள்.
* ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஃபில்டர், மடக்கு வாளி.
* தண்ணீர் புகாத பையில் மாற்று உடை, பாறையில் இறங்கக் கயிறு, கழிவுப் பை.
* ஒரு நாளைக்குக் கூடுதல் உணவு.
* வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்த பயண விவரம்.
* 'இன்னைக்கு வேண்டாம்' என்று குழுவில் யார் ஒருவர் சொன்னாலும் எல்லோரும் திரும்புவது என்ற ஒப்பந்தம்.

கடைசியாக இருப்பதற்கு எடையே கிடையாது. ஆனால் பட்டியலில் முதலில் பேசி முடிக்க வேண்டியது அதைத்தான். அந்தப் பள்ளத்தாக்கு உருவாக மிக நீண்ட காலம் ஆகியிருக்கிறது. அடுத்த வருஷமும் அது அங்கேயேதான் இருக்கும்!